கோப்பிக் கொட்டையில் ஒரு துளை

எங்கள் வீட்டுக்குப் பின்னால், கராம்பு மரத்துக்கும் மிளகுக் கொடி ஏறிய முள்முருங்கைக்கும் இடையில் நான்கு கோப்பி மரங்கள் நிற்கின்றன. கண்டிப் பக்கத்து ஊர்களில் இது புதினமல்ல. கடையில் தேயிலை வாங்கிக் குடித்தாலும், வீட்டுக்கு விருந்தாளி வந்தால் சொந்த மரத்துக் கோப்பியைப் போட்டுக் கொடுப்பதில் எங்கள் உம்மும்மாவுக்கு ஒரு பெருமை. பழத்தைப் பறித்து, பாயில் காயவைத்து, உரலில் இடித்து, சுளகில் புடைத்து எடுப்பார். புடைக்கும்போது சில கொட்டைகளைப் பொறுக்கி வெளியே வீசுவார். “இது ஓட்டை. வறுத்தா ருசி கெட்டுப் போகும்” என்பார்.

முந்தியெல்லாம் ஒரு பிடி, இரண்டு பிடிதான் வீசுவார். இரண்டு வருடங்களுக்கு முன் ஒருநாள் வீசிய குவியலையும் வைத்த குவியலையும் பார்த்தேன். இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவாக இருந்தன.

ஒரு பழத்தை எடுத்துக் கத்தியால் பிளந்தேன். பழத்தின் நுனியில், பூ உதிர்ந்த வட்டத் தழும்பின் நடுவில், குண்டூசியால் குத்தியது போன்ற துளை. உள்ளே கொட்டை பொடிந்து போயிருந்தது. அந்தப் பொடிக்குள் எள்ளைவிடச் சிறிய கறுத்த வண்டு ஒன்று. அதைச் சுற்றி வெள்ளைக் குடம்பிகள்.

வாப்பா விவசாய மருந்துக் கடையில் விசாரித்து ஒரு போத்தல் வாங்கி வந்தார். உம்மா அதைத் திறக்க விடவில்லை. கோப்பி மரங்கள் நிற்பது மேட்டில், குடிதண்ணீர்க் கிணறு இருப்பது பள்ளத்தில். “மழை பெஞ்சா எல்லாம் கிணத்துக்குத்தான் வரும்” என்பது உம்மாவின் வாதம். “அப்ப கோப்பிய விட்டுர்றதா?” என்பது வாப்பாவின் வாதம். இரண்டிலும் நியாயம் இருந்தது. உயர்தரத்தில் உயிரியல் படிப்பவள் நான் என்பதால், “நீ என்ன சொல்ற?” என்று இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். அப்போது எனக்குச் சொல்ல எதுவும் தெரியவில்லை. பிறகு தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்த வண்டின் பெயர் கோப்பிக் காய் துளைப்பான். விஞ்ஞானப் பெயர் ஹைபொதெனிமஸ் ஹம்பெய். ஆபிரிக்காவில் பிறந்தது. கோப்பி போன இடமெல்லாம் கொட்டைக்குள் ஒளிந்து பின்தொடர்ந்து போனது. இலங்கையில் 1930களின் நடுப்பகுதியில் பதிவானது. உலகில் கோப்பி பயிராகும் நாடுகளில் இது எட்டாத இடம் இன்று மிகச் சிலவே. பெண் வண்டு இரண்டு மில்லிமீற்றருக்கும் குறைவு. அது காயைத் துளைத்துக் கொட்டைக்குள் புகுந்து முட்டையிடும். குடம்பிகள் கொட்டையைத் தின்று வளர்ந்து, ஏறத்தாழ ஒரு மாதத்தில் வண்டுகளாகும். பத்துப் பெண்ணுக்கு ஓர் ஆண் என்ற கணக்கில்தான் பிறக்கும். ஆண் வண்டு பறக்காது. பிறந்த கொட்டைக்குள்ளேயே சகோதரிகளோடு கூடி, வெளியுலகத்தைப் பாராமலே இறந்துபோகும். பெண் வண்டோ கருவுற்ற நிலையிலேயே வெளியே வந்து அடுத்த காயைத் தேடும். ஆகவே ஒரேயொரு பெண் வண்டு ஒரு தோட்டத்துக்கு வந்துசேர்ந்தாலும் போதும்.

இன்னொரு வியப்பு உண்டு. கோப்பியிலுள்ள கஃபீன் நமக்கு உற்சாகம் தந்தாலும், செடி அதை உண்டாக்குவது தன்னைத் தின்ன வரும் பூச்சிகளுக்கு நஞ்சாகத்தான். இந்த வண்டு மட்டும் அந்த நஞ்சிலேயே குடியிருக்கிறது. அதன் குடலில் வாழும் பற்றீரியாக்கள் கஃபீனைச் சிதைத்து விடுகின்றன என்று 2015 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது.

இப்போது அந்தப் போத்தலுக்கு வருவோம். வண்டு தன் வாழ்நாளில் பெரும் பகுதியைக் கொட்டைக்குள் கழிக்கிறது. நாம் தெளிக்கும் மருந்து இலையிலும் பழத்தின் தோலிலும் படும். உள்ளே இருப்பவருக்குக் கூரை இருக்கிறது. வெளியே திரியும் சிலந்தி, எறும்பு, குளவி, தேனீ ஆகியவற்றுக்குக் கூரை இல்லை. பல நாடுகளில் இதற்கென்று எண்டோசல்பான் என்ற கொடிய நஞ்சைத்தான் நம்பியிருந்தார்கள். நியூ கலிடோனியா தீவில் 1980களின் பிற்பகுதியிலேயே வண்டு அந்த நஞ்சுக்குப் பழகிவிட்டது கண்டறியப்பட்டது. மனிதருக்கு விளைந்த கேட்டைக் கண்டு, 2011 இல் ஸ்டொக்ஹோம் உடன்படிக்கையின் கீழ் அந்த நஞ்சை உலகளவில் கைவிடத் தீர்மானித்தார்கள். வண்டு பழகிக்கொண்டது, மனிதர்தான் பழக முடியாமல் போனோம்.

நஞ்சுக்கு மாற்றாகச் சொல்லப்படும் வழிகளில் ஒன்றுதான் உயிரியல் கட்டுப்பாடு. ஒரு பூச்சி பீடையாகப் பெருகுகிறது என்றால், அதைத் தின்னும் அல்லது நோய்வாய்ப்படுத்தும் எதிரி அந்த இடத்தில் இல்லை அல்லது போதாது என்று பொருள். அந்த எதிரியைத் தேடிக் கொண்டுவருவது, அல்லது ஏற்கனவே இருப்பதைக் கொல்லாமல் காப்பது, இதுவே அதன் சாரம். எதிரிகள் மூவகைப்படுவர். பொறிவண்டு, சிலந்தி, பறவை போன்ற இரைகௌவிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிடித்துத் தின்னும். ஒட்டுண்ணிக் குளவிகள் பூச்சியின் உடலில் முட்டையிட, குஞ்சு அந்த உடலையே தின்று வெளியேறும். பங்கசு, பற்றீரியா, வைரசு போன்றவை நோயை உண்டாக்கும். பாடப்புத்தகத்தில் இவ்வளவும் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். ஆனால் நடந்த கதைகளைப் படித்தபோதுதான் இது எவ்வளவு பொறுமையும் எச்சரிக்கையும் வேண்டிய வேலை என்பது எனக்கு விளங்கியது. அவற்றில் முதற்கதை நம் நாட்டிலேயே நடந்தது.

கோப்பியை இலங்கைக்குக் கொண்டுவந்தவர்கள் அரேபியர்கள் என்று கூறப்படுகிறது. அப்போது அதை யாரும் வறுத்துக் குடிக்கவில்லை. இலையைக் கறிக்கும் பூவை விகாரைக்கும் எடுத்தார்கள் என்று எமர்சன் டெனன்ட் எழுதியிருக்கிறார். ஆங்கிலேயர் காலத்தில்தான் மலைக்காடுகள் வெட்டப்பட்டுக் கோப்பித் தோட்டங்களாயின. தென்னிந்தியாவிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் கால்நடையாக மன்னார்ப் பாதையில் வந்து, வழியில் பலர் மாண்டு, எஞ்சியோர் அந்தத் தோட்டங்களை உண்டாக்கினார்கள். 1870களில் இரண்டரை இலட்சம் ஏக்கருக்கு மேல் கோப்பி நின்றது.

அந்தத் தோட்டங்களில் முதலில் பேரிடராக வந்தது ‘கோப்பி மூட்டை’ என்று துரைமார் அழைத்த செதிற்பூச்சி. கிளையில் கபில நிறச் சிரங்குபோல ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். யொஹானஸ் நீட்னர் என்ற ஜெர்மானியத் தோட்டக்காரர் 1861 இல் கோப்பியின் எதிரிகளைப் பற்றித் தனி நூலே எழுதினார். அந்தக் காலத்தில் யாரோ ஒருவருக்கு ஒரு யோசனை தோன்றியது. காட்டு மரங்களில் இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் முசுறு எறும்பு, கண்ணில் படும் பூச்சியையெல்லாம் பிய்த்துத் தின்னும் அல்லவா? அதைக் கொண்டுவந்து கோப்பியில் விட்டால் என்ன?

விட்டார்கள். டெனன்ட் சொல்வதன்படி முசுறுகள் மூட்டைகளை ஆவலோடு அழிக்கத்தான் செய்தன. ஆனால் தோட்டத்தில் வேறு உடல்களும் இருந்தன. மேலாடையின்றி, எண்ணெய் பூசிய தோலோடு வேலை செய்த தமிழ்த் தொழிலாளர்களை முசுறுகள் அடிக்கடி மூர்க்கமாகக் கடித்துக் குதறின. அவர்கள் தோட்டத்தைவிட்டே போய்விடுவார்களோ என்ற நிலை வந்தது. டெனன்ட் இதைச் சற்று வேடிக்கையான தொனியில் ஓர் அசௌகரியமாகக் குறிப்பிடுகிறார். முசுறுக் கூட்டில் ஒருமுறை தலையை முட்டிக்கொண்ட எவருக்கும் அதில் வேடிக்கை தெரியாது. பூச்சிக்கு எதிரியைத் தேடியவர்கள், அந்த மரத்தின் கீழ் நிற்கப்போகும் மனிதரை யோசிக்கவில்லை.

எறும்பைப் பற்றி அன்று போதியளவு தெரிந்திராத இன்னொரு விடயமும் உண்டு. செதிற்பூச்சிகள் உறிஞ்சிய சாற்றின் மிச்சத்தை இனிப்பான பாகாகக் கழிக்கின்றன. அந்தப் பாகுக்காகப் பல எறும்பினங்கள் செதிற்பூச்சிகளை மாடு மேய்ப்பதைப்போல மேய்த்து, அவற்றைத் தின்ன வரும் பொறிவண்டையும் குளவியையும் துரத்திவிடும். ஓர் எறும்பு காவல்காரனா திருடனின் கூட்டாளியா என்பது எறும்பின் இனத்தையும் இடத்தையும் பொறுத்தது.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. 1869 இல் மடுல்சீமைப் பகுதியில் கோப்பி இலையின் கீழ்ப்புறத்தில் செம்மஞ்சள் தூள் படிந்திருக்கக் கண்டார்கள். அது கோப்பித் துரு நோய், ஒரு பங்கசு. பத்துப் பதினைந்து வருடங்களில் தோட்டங்கள் சரிந்தன. 1882 அளவில் பச்சைச் செதிற்பூச்சியும் வந்துசேர்ந்து, துரு விட்டுவைத்த மரங்களையும் உறிஞ்சியது. கோப்பி போய்த் தேயிலை வந்தது. துருவையே எல்லாப் பாடநூல்களும் சொல்கின்றன. பச்சைப் பூச்சியின் பங்கை ஏனோ பலரும் விட்டுவிடுகிறார்கள்.

அதே பச்சைச் செதிற்பூச்சிக்கு எதிராகத்தான் 1898 இல் தென்னிந்தியக் கோப்பித் தோட்டங்களுக்கு அவுஸ்திரேலியாவிலிருந்து கிரிப்டொலீமஸ் என்ற பொறிவண்டு தருவிக்கப்பட்டது. வந்த வேலையை அது செய்யவில்லை. ஆனால் அங்கேயே தங்கி, வெண்மூட்டுப்பூச்சியைத் தின்னப் பழகி, இன்றுவரை அதற்காக வளர்த்து விடப்படுகிறது. இதன் குடம்பி வெள்ளை மெழுகு பூசிக்கொண்டு வெண்மூட்டுப்பூச்சி போலவே இருக்கும். தெரியாதவர்கள் இதையே பூச்சியென்று நசுக்கிவிடுவார்கள்.

வெண்மூட்டுப்பூச்சி என்றதும் கென்யாவின் கதையைச் சொல்லாமல் விடமுடியாது. நான் படித்தவற்றில் என்னை மிகவும் கவர்ந்தது அதுதான்.

1923 அளவில் கென்யாவின் கோப்பித் தோட்டங்களில் ஒரு வெண்மூட்டுப்பூச்சி திடீரெனப் பெருகியது. பெருந்தோட்டக் கோப்பியை மட்டுமன்றிக் குடியானவர்களின் உணவுப் பயிர்களையும் தாக்கியது. பூச்சியியலாளர்கள் அதைப் பார்த்து, ஆசியாவிலும் வேறிடங்களிலும் ஏற்கனவே அறியப்பட்ட ஓர் இனமென்று முடிவு செய்தார்கள். பெயர் வைத்தாயிற்று, இனி அதன் தாயகத்துக்குப் போய் எதிரியைப் பிடித்து வரவேண்டியதுதானே? உலகின் பல பகுதிகளில் தேடி ஒட்டுண்ணிகளைக் கொண்டுவந்தார்கள். அவை கென்யாப் பூச்சியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பணமும் வருடங்களும் போயின.

இதற்கிடையில் தோட்டங்களில் செய்த ஒரே பயனுள்ள வேலை, மரத்தின் அடியில் பிசுபிசுப்பான கிறீஸ் வளையம் பூசுவது. அதுகூடப் பூச்சிக்காக அல்ல, எறும்புக்காக. எறும்பு மேலே ஏறாவிட்டால் பூச்சிக்குக் காவல் இல்லை. காவல் இல்லாவிட்டால் உள்ளூர் எதிரிகள் ஓரளவுக்குத் தின்றுகொள்ளும். எளிய தந்திரம்தான், ஆனால் மரமொவ்வொன்றுக்கும் திரும்பத் திரும்பப் பூசவேண்டும்.

பின்னர் லெ பெல்லி என்ற பூச்சியியலாளர் அந்தப் பூச்சியை மிக நுணுக்கமாக ஆராய்ந்து, இது அந்த ஆசிய இனமே அல்ல, இதுவரை பெயரிடப்படாத வேறு இனம் என்று 1935 இல் காட்டினார். வெண்மூட்டுப்பூச்சிகளைக் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. மெழுகை நீக்கி, கண்ணாடித் தகட்டில் பதித்து, நுணுக்குக்காட்டியில் துளைகளையும் மயிர்களையும் எண்ண வேண்டும். கென்யாவில் கண்டதால் கென்யாவின் பெயரையே அதற்கு வைத்தார்கள். ஆனால் அதன் உண்மையான சொந்த வீடு பக்கத்து நாடான உகண்டா. அங்கே அது பீடையாகப் பெருகாமல் அடங்கிக் கிடந்தது, ஏனெனில் எதிரிகளும் அங்கேயே இருந்தன. 1938 இல் உகண்டாவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அனகைரஸ் என்ற சாதியைச் சேர்ந்த சிறு குளவி விரைவாகப் பரவியது. சில வருடங்களில் பெரும்பாலான இடங்களில் பூச்சி அடங்கியது.

அந்தத் திட்டத்துக்குச் செலவானது முப்பதாயிரம் பவுணுக்கு மேற்படாது என்றும், 1959 வரை அதனால் காக்கப்பட்ட விளைச்சலின் பெறுமதி ஒரு கோடிப் பவுண் என்றும் கணித்திருக்கிறார்கள். எல்லைக்கு அப்பால் பக்கத்து வீட்டில் இருந்த மருந்தை, கடல் கடந்தெல்லாம் தேடியதற்குக் காரணம் தவறாக வைத்த ஒரு பெயர். வகைப்பாட்டியல் பாடம் எதற்கு, இலத்தீன் பெயர்களை மனனம் செய்து என்ன பயன் என்று வகுப்பில் முணுமுணுப்பவர்களில் நானும் ஒருத்தியாக இருந்தேன். இந்தக் கதைக்குப் பிறகு முணுமுணுப்பதில்லை.

மூன்றாவது கதைக்கு மீண்டும் மலைநாட்டுக்கு வருவோம். நீட்னர் 1861 இல் கோப்பியின் எதிரிகளை விவரித்தபோது, இலைகளை நூலால் பிணைத்து உள்ளிருந்து தின்னும் ஒரு புழுவுக்கும் பெயர் வைத்தார். அது இன்று ஹொமோனா கொஃபியாரியா எனப்படுகிறது. பெயரிலேயே கோப்பி இருக்கிறது. கோப்பி அழிந்ததும் புழு பட்டினி கிடக்கவில்லை. தேயிலைக்கு மாறிக்கொண்டது. கோப்பியின் பெயரைச் சுமந்துகொண்டே தேயிலைத் தோட்டங்களின் பெரும் பீடையாயிற்று. தோட்டங்களில் இதை டோட்ரிக்ஸ் என்பார்கள்.

இதன் தாய் அந்து, முற்றிய இலையின் மேற்புறத்தில் மீன் செதில் அடுக்கியதுபோல முட்டைத் திரளை ஒட்டிவைக்கும். அந்தத் திரள்களைக் கையால் தேடிப் பறித்து அழிப்பதே பல காலம் முக்கிய வழியாக இருந்தது. ஏக்கர் கணக்கான சரிவுகளில் இலை இலையாகப் பார்ப்பது எப்படிப்பட்ட வேலை என்று எண்ணிப் பாருங்கள்.

அதன்பின் 1935, 1936 ஆண்டுகளில் ஜாவாவிலிருந்து மக்ரொசென்ட்ரஸ் ஹொமொனே என்ற ஒட்டுண்ணிக் குளவி கொண்டுவரப்பட்டது. தலவாக்கலையிலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையம் அதைப் பெருக்கித் தோட்டங்களில் விட்டது. குளவி புழுவைத் தேடி, அதன் உடலுக்குள் முட்டையிடும். குஞ்சுகள் உள்ளிருந்து தின்று வெளியே வரும்போது புழு முடிந்துவிடும். சில வருடங்களுக்குள் டோட்ரிக்ஸ் ஒரு சிறு தொல்லை என்ற அளவுக்கு இறங்கியது. உலக நூல்களில் உயிரியல் கட்டுப்பாட்டின் வெற்றிக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் கதைகளில் இலங்கையின் இந்தக் குளவியும் ஒன்று. நம் பாடநூல்களில் இதற்கு ஏன் இன்னும் கூடுதல் இடமில்லை என்பது எனக்குள்ள சிறு மனக்குறை.

கதை அங்கே முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். தேயிலைக்கு வேறொரு எதிரியும் உண்டு. கிளைகளைத் துளைத்து, அந்தச் சுரங்கத்தில் ஒரு பங்கசைப் பயிரிட்டு உண்ணும் சிறு வண்டு அது. எங்கள் கோப்பிக் காய் துளைப்பானின் நெருங்கிய உறவு. அதைக் கொல்ல 1950களின் பிற்பகுதியில் டில்ட்ரின் என்ற இரசாயனம் தெளிக்கப்பட்டது. துளைக்கும் வண்டு குறைந்தது. ஆனால் டில்ட்ரின் தெளித்த இடங்களில், இருபது வருடங்களாகத் தலைகாட்டாதிருந்த டோட்ரிக்ஸ் கூட்டங்கூட்டமாக வெளிப்பட்டது. நஞ்சு இலைகளில் நெடுங்காலம் தங்கி, சுற்றித் திரியும் குளவியை அழித்துவிட்டது. இலைகளைப் பிணைத்து உள்ளே கிடந்த புழு தப்பிக்கொண்டது. காரணம் தெரிந்ததும் டில்ட்ரின் கைவிடப்பட்டது. அதுவரை அந்தக் குளவி எவ்வளவு வேலை செய்துகொண்டிருந்தது என்பதை அது செத்த பிறகுதான் பலர் கண்டார்கள்.

எல்லாக் கதையும் இப்படி முடிவதில்லை என்பதையும் சொல்லவேண்டும். 1935 இல் கரும்பு வண்டைத் தின்னட்டும் என்று அவுஸ்திரேலியாவில் விட்ட பெருந்தேரைகள் கரும்பு வண்டைக் கவனிக்காமல் கண்டதையெல்லாம் தின்று, தம்மைத் தின்ன வந்த உயிர்களையும் தம் நஞ்சால் கொன்று, இன்றும் அங்கே பரவிக்கொண்டிருக்கின்றன. கண்டதையும் தின்னும் எதிரி ஆபத்தானது. ஒன்றை மட்டுமே தின்னத் தெரிந்த எதிரிதான் வேண்டும். அதனால்தான் இன்று எந்த எதிரியையும் வெளிநாட்டிலிருந்து கொண்டுவருமுன் நீண்ட காலம் அடைத்து வைத்துச் சோதிக்கிறார்கள்.

சரி, எங்கள் கொட்டைக்குள் இருக்கும் வண்டுக்கு எதிரி இல்லையா? இருக்கிறது. உகண்டாவிலிருந்து 1929 இல் பிரேசிலுக்குக் கொண்டுபோகப்பட்ட புரொரொப்ஸ் என்ற சிறு குளவி, வண்டு போட்ட துளை வழியாகவே உள்ளே நுழையும். வண்டைக் கொல்லும், முட்டைகளைத் தின்னும், குடம்பிகளின் மேல் தன் முட்டையை இடும். மேற்கு ஆபிரிக்காவின் டோகோவில் கண்டெடுக்கப்பட்ட இன்னொரு குளவி, இன்னும் சிறியது, பெண் வண்டு காயைத் துளைத்துக்கொண்டிருக்கும் வேளையில் பின்னால் வந்து அதன் உடலிலேயே முட்டையிடும். மெக்சிக்கோ, கொலம்பியா, இந்தியா போன்ற நாடுகளில் இக்குளவிகளை வளர்த்து விட்டுப் பார்த்தார்கள். தேயிலையில் கிடைத்தது போன்ற வெற்றி இதில் கிடைக்கவில்லை. குளவியை வளர்க்க வண்டு வேண்டும், வண்டை வளர்க்கக் கோப்பிக் கொட்டை வேண்டும். செலவு ஏறிவிடுகிறது. வண்டு பெருகும் வேகத்துக்குக் குளவி ஈடுகொடுப்பதுமில்லை.

பங்கசு சற்றுக் கூடுதலாகக் கைகொடுக்கிறது. பியூவேரியா பாசியானா என்பது அதன் பெயர். 1835 இல், பட்டுப்புழுக்களைச் சாகடிக்கும் வெள்ளை நோய்க்கு இந்த நுண்ணுயிரே காரணம் என்று காட்டிய இத்தாலியர் அகொஸ்தினோ பாசியின் பெயர் அது. அன்று பட்டுக்காரருக்குச் சாபமாக இருந்தது, இன்று கோப்பிக்காரருக்கு மருந்து. அதன் வித்திகள் வண்டின் மேல் ஒட்டி, முளைத்து, தோலைத் துளைத்து உள்ளே போகும். செத்த வண்டு துளையின் வாயில் வெள்ளைப் பஞ்சு பூத்ததுபோல நிற்கும். ஈரமும் நிழலும் இருந்தால் நன்றாகப் பிடிக்கும், கடும் வெயிலில் வித்திகள் செத்துவிடும்.

நிழல் என்பது இங்கே சிறு விடயமல்ல. ஜமெய்க்காவில் சில கோப்பி மரங்களை வலையால் மூடிப் பறவைகள் வராமல் தடுத்துப் பார்த்தபோது, மூடிய மரங்களில் காய் துளைப்பான் கூடுதலாக இருந்தது. கொஸ்டாரிக்காவில் செய்த ஆய்வில் பறவைகள் இப்பீடையை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது தெரிந்தது. பறவைக்குக் கிளை வேண்டும், கிளைக்கு மரம் வேண்டும். மெக்சிக்கோவின் நிழற்தோட்டங்களில் வெண்வளையப் பங்கசு என்று ஒன்று இருக்கிறது. அது பச்சைச் செதிற்பூச்சியையும் கொல்கிறது, கோப்பித் துருவின் மேலும் படர்ந்து அதை உண்கிறது. இலங்கைக் கோப்பியை ஒழித்த இரண்டு எதிரிகளுக்கும் ஒரே எதிரி! நூற்றைம்பது வருடங்களுக்கு முன் நிழல் மரமெல்லாம் வெட்டி மலையை மொட்டையாக்காமல் கோப்பியை நட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று ஒரு கணம் யோசித்துப் பார்த்தேன். துரு அப்போதும் வந்திருக்கும்தான். ஆனால் அவ்வளவு வேகமாக ஓடியிருக்குமா?

நஞ்சு கெட்டது என்றால் எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்திவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். 2021 இல் நம் நாட்டில் அதைச் செய்து பார்த்தோம். பசளையும் பீடைநாசினியும் ஒன்றாக நின்றன, அந்த வருடம் முடியுமுன்னே தடையைத் தளர்த்த வேண்டியும் வந்தது. கென்யாவில் ஒரு பூச்சியின் சரியான பெயரைக் கண்டுபிடிக்கவே பத்து வருடத்துக்கு மேல் ஆனது. மருந்தை நிறுத்துவது மட்டும் உயிரியல் கட்டுப்பாடு ஆகாது. குளவியும் பங்கசும் பறவையும் திரும்பிவரக் காலம் வேண்டும், அவற்றைக் கவனித்து எண்ணிப் பார்க்க ஆட்கள் வேண்டும்.

எங்கள் வீட்டில் நாங்கள் செய்தது மிகச் சாதாரணமான காரியம். வண்டு ஒரு பருவத்திலிருந்து அடுத்த பருவத்துக்குக் கடப்பது மரத்தில் காய்ந்து தொங்கும் பழங்களிலும் நிலத்தில் விழுந்து கிடக்கும் பழங்களிலும்தான். ஆகவே அறுவடைக்குப் பிறகு ஒரு பழம் விடாமல் பறித்தோம், விழுந்ததையெல்லாம் பொறுக்கினோம். துளை விழுந்தவற்றைக் கொதிநீரில் போட்டு எடுத்து, ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்தோம். கொலம்பியாவிலும் இந்தியாவிலும் எல்லாக் குளவிக்கும் பங்கசுக்கும் முன்பாக முதலில் சொல்லிக் கொடுப்பது இதைத்தான். கோப்பியின் உள்ளே காற்றுப் போக இரண்டு கிளைகளைக் கவ்வாத்துச் செய்தோம், முள்முருங்கையை வெட்டவில்லை. வாப்பா அந்தப் போத்தலைத் திறக்காமலே கடைக்குத் திருப்பிக் கொடுத்தார். கடைக்காரர் முகம் அவ்வளவு நன்றாக இல்லையாம்.

இந்த முறை உம்மும்மா வீசிய குவியல் சிறியதாக இருந்தது. அதைக் கிளறிப் பார்த்தபோது ஒரு பழத்தின் நுனித் துளையில் பாதி உடல் வெளியே நீட்டியபடி ஒரு வண்டு செத்திருந்தது. அதன் மேல் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. கல்லூரி ஆய்வுகூடத்து நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்க்க ஒரு சிறு போத்தலில் போட்டு வைத்திருக்கிறேன். பக்கத்து வளவுக் கோப்பி மரங்களில் போன வருடத்துப் பழங்கள் கறுத்துக் காய்ந்து இன்னும் தொங்குகின்றன. ஆமினா மாமியிடம் கேட்டுப் பறித்துத் தருவதாகச் சொல்லித் தம்பி இப்போதுதான் கூடையோடு போயிருக்கிறான்.